சினத்துக்கும் ஆபத்துக்கும் இடையே ஓர் எழுத்து



எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கிக்கொண்டவருக்கு, முன்னால் நிற்கும் வண்டியின் பின்புறத்தைப் படிப்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. அவ்வாறு ஒருநாள் காலையில் நான் படித்த வாசகம் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. ‘சினம் என்பது ஆபத்துக்கு ஓர் எழுத்தே குறைவு’ என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் சினத்தைக் குறிக்கும் ‘ஆங்கர்’ என்னும் சொல்லின் முன்னால் ‘டி’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதினால், அது ஆபத்தைக் குறிக்கும் ‘டேஞ்சர்’ ஆகிவிடும். காதால் கேட்டால் இரண்டும் வெவ்வேறு சொற்களாகவே ஒலிக்கும். எழுதிப் பார்த்தால்தான் ஒன்றுக்குள் மற்றொன்று ஒளிந்திருப்பது தெரியும்.

சிலேடை என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆயினும், இதய நோய்ப் பிரிவில் பணிபுரியும் எனக்கு அன்று முழுவதும் அந்த ஓர் எழுத்தைப் பற்றிய எண்ணமே இருந்தது. சினம் கொள்ளாத மனிதர் இல்லை. சினம் கொண்ட அனைவரும் நோயாளியாகி எங்களிடம் வருவதும் இல்லை. அப்படியானால் சிலருக்கு மட்டும் சினத்தை ஆபத்தாக மாற்றும் அந்த ஓர் எழுத்து யாது? இக்கட்டுரை அதை ஆராய முயல்கிறது.

தமிழில் ஒரு பெயர்

இதைவிட ஆழமான சொல்விளையாட்டு நம் மொழியிலேயே உண்டு. திருக்குறளின் 31ஆம் அதிகாரமாகிய வெகுளாமையில், திருவள்ளுவர் சினத்துக்குச் ‘சேர்ந்தாரைக்கொல்லி’ என்று ஒரு பெயர் சூட்டுகிறார். தன்னைச் சேர்ந்தவரை அழிப்பது என்பது இதன் பொருள். இது நெருப்புக்கும் பொருந்தும் காரணப்பெயர். நெருப்பைப் பெயர் சொல்லாமல் சொல்லி, அப்பெயரைச் சினத்தின்மேல் ஏற்றியதே இங்குள்ள நயம்.

‘சேர்ந்தார்’ என்ற சொல்லுக்கு இங்கே இரு திசைகள் உள்ளன. சினத்தைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டவரும் சேர்ந்தாரே. அவரைச் சேர்ந்து வாழும் உற்றாரும் சேர்ந்தாரே. உரையாசிரியர் பரிமேலழகர் இதனை நுட்பமாக விளக்குகிறார். உலகத்து நெருப்பு தான் சேர்ந்த இடத்தை மட்டுமே சுடும். சினமாகிய நெருப்போ தான் சேராத இடத்தையும் சுடும் என்பது அவர் காட்டும் வேறுபாடு. அதே குறளில், துன்பக்கடலைக் கடக்க உதவும் சுற்றத்தாரைப் புணையாக, அதாவது தெப்பமாக, வள்ளுவர் உருவகிக்கிறார். கடலின் நடுவில் தான் ஏறியிருக்கும் தெப்பத்துக்குத் தானே தீ வைப்பவனின் நிலையை காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் வாழும் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்விரு திசைகளையும் மருத்துவம் இன்று வெவ்வேறாகக் காண்கிறது. முதலாவது, சினங்கொண்டவரின் உடலில் நிகழ்வது. இரண்டாவது, அவர் குடும்பத்தில் நிகழ்வது.

உடலுக்குள் நிகழ்வது

சினம் எழுந்த சில நொடிகளுக்குள் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் பரிவு நரம்புகளும் அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு கூடுகிறது. அதே வேளையில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டும் தன்மையைப் பெறுகின்றன. பகையோடு போரிடவோ, விலங்கிடமிருந்து தப்பியோடவோ இயற்கை அமைத்த ஏற்பாடு இது. காயம் பட்டால் குருதி விரைவில் உறைய வேண்டும் அல்லவா? ஆனால் நம் காலத்துச் சினத்தில் காயமும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஏலக்கூடத்திலும் பேருந்திலும் கைப்பேசியிலும் எழுந்த சினத்துக்கு, உடல் மட்டும் போருக்கு ஆயத்தமாகிறது.

நலமான குழாய்கள் இதைத் தாங்கிக்கொள்கின்றன. நெடுநாள் இரத்த அழுத்தத்தாலும் நீரிழிவாலும் பீடி, சிகரெட் புகையாலும் கொழுப்புப் படிந்த குழாய்களின் நிலை வேறு. அங்கே படிவின் மேல் மெல்லிய மூடி ஒன்றுதான் இருக்கிறது. திடீரென ஏறும் அழுத்தம் அம்மூடியைக் கிழிக்கக்கூடும். கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் குவிந்து குருதிக்கட்டி உருவாகி, குழாயை அடைத்துவிட்டால் அதுவே மாரடைப்பு.

மற்றொரு நிலையும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் ‘தகோட்சுபோ’ என்று ஒரு நோய்க்குப் பெயரிட்டனர். ஆக்டோபஸ் பிடிப்பதற்காக அந்நாட்டு மீனவர் கடலில் இறக்கும் வாய் குறுகிய பானைக்கு அப்பெயர். கடுந்துயரம், அச்சம், சினம் ஆகியவற்றின் தாக்கத்தால் இதயத்தின் இடக் கீழறை அப்பானையைப் போல உப்பி, சுருங்கும் ஆற்றலை இழக்கிறது. குழாய்களில் அடைப்பு இராது. ஆனால் அறிகுறிகள் மாரடைப்பையே ஒத்திருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. உரிய மருத்துவம் பெற்றால் பெரும்பாலோர் சில வாரங்களில் மீள்கின்றனர். ‘அம்மா எதையாவது நினைத்துக்கொண்டு நெஞ்சு வலி என்கிறார்’ என்று புறந்தள்ளுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சான்று.

ஆய்வுகள் கூறுவது

இத்தொடர்பை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் நெஞ்சுவலியால் துன்புற்றார். தம்மைச் சினமூட்ட விரும்பும் எந்தக் கயவனின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவர் சொல்லிவந்ததாகக் கூறுவர். 1793 அக்டோபர் 16 அன்று இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நடந்த கூட்டமொன்றில், மறுத்துப் பேசப்பட்டதால் சினந்து வெளியேறிய சில நிமிடங்களில் அவர் உயிர் துறந்தார். உடற்கூறாய்வில் அவருடைய இதயத் தமனிகள் இறுகிக் கிடந்தன.

இக்காலத்து ஆய்வுகள் இதை எண்களால் அளந்துள்ளன. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மாரடைப்புக்கு உள்ளான 1,623 பேரிடம் முந்தைய மணிநேரங்கள் பற்றி வினவப்பட்டது. கடுஞ்சினத்தைத் தொடர்ந்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பின் வாய்ப்பு 2.3 மடங்கானது. மருத்துவர் அறிவுரைப்படி ஆஸ்பிரினை ஒழுங்காக உட்கொண்டவர்களிடம் இக்கூடுதல் குறைவாகவே காணப்பட்டது. 2016இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 52 நாடுகளைச் சேர்ந்த 12,461 மாரடைப்பு நோயாளிகளைப் பற்றியது. சினமோ மனக்கொந்தளிப்போ ஏற்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்குக்கும் மேல் கூடியது. கடும் உடலுழைப்பும் சினமும் ஒருங்கே சேர்ந்தபோது அது மும்மடங்கானது. 2024இல், நலமாயிருந்த 280 பேரிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், சினமூட்டிய நிகழ்வு ஒன்றை 8 நிமிடம் நினைவுகூர்ந்தாலே குழாய்களின் விரியும் ஆற்றல் குறைந்து, 40 நிமிடம் வரை அந்நிலை நீடித்தது தெரியவந்தது.

இவற்றுள், உழைப்பும் சினமும் இணைவது பற்றிய செய்தி நம் பகுதிக்கு மிகவும் இன்றியமையாதது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், வலை இழுப்பவர், கொதிகலன் அருகே நிற்பவர், பழுது பார்க்கும் கூடத்தில் இரும்பு தூக்குபவர் ஆகியோர் வாழும் பகுதி இது. சண்டையிட்ட வேகத்திலேயே பெரும் பாரத்தைத் தூக்குவது இரட்டைச் சுமை. அதில் ஒன்று கண்ணுக்குத் தெரியாது.

‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம். நலமாயிருக்கும் ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. மிகச் சிறியது இரு மடங்கானாலும் சிறியதே. ஏற்கெனவே குழாய் நோய் உள்ளவருக்கும், நாள்தோறும் பலமுறை சினம் கொள்பவருக்கும்தான் அச்சிறு வாய்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகின்றன.

‘என்னால்தானா?’

இனி இரண்டாவது திசைக்கு வருவோம். சினம் சேராத இடத்தையும் சுடும் என்று உரையாசிரியர் சொன்னதை நான் கற்றது நூலில். உணர்ந்தது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் இருந்த ஓர் இரவில் ஐம்பது வயதைக் கடந்த மீனவர் ஒருவரை அழைத்து வந்தனர். படகுக் கடன் பற்றித் தந்தைக்கும் மகனுக்கும் மாலையில் வாய்ச்சண்டை. அதன்பின் நெஞ்சில் அழுத்தம். ‘கேஸ்’ என்று எண்ணிச் சோடா குடித்துப் படுத்திருக்கிறார். நான்கு மணி நேரம் கழிந்தபின் வியர்த்துக் கொட்டவே ஆட்டோவில் கொண்டுவந்தனர். விடியும் முன் அவர் காலமானார். வாயிலில் நின்றிருந்த மகன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “சார், நான் கத்துனதாலதான் நைனாவுக்கு இப்படி ஆச்சா?”

களைப்பிலும் அவசரத்திலும் நான், “சண்டை போடாமல் இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்தப் பதில் தவறு. அறத்தின்படி மட்டுமன்று, மருத்துவத்தின்படியும் தவறு. அவ்விளைஞரின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. இன்று அதே கேள்வியை யாரேனும் கேட்டால், அமரச் சொல்லி நானும் அருகில் அமர்ந்து இவ்வாறு விடையளிப்பேன்.

“தம்பி, உங்கள் தந்தையின் குழாய்களில் கொழுப்பு படியத் தொடங்கி இருபது ஆண்டுகளாவது ஆகியிருக்கும். பீடியும் கவனிக்காத இரத்த அழுத்தமும் விறகை அடுக்கி வைத்திருந்தன. சண்டை ஒரு பொறி. அது இல்லாவிட்டால் விடியற்காலைக் குளிரோ, வலை இழுத்த பளுவோ, வேறொரு கவலையோ பொறியாகியிருக்கலாம். உலகில் தந்தையோடு சண்டையிடாத மகன் இல்லை. அந்த நான்கு மணி நேரம் வீணாகாதிருந்தால் அவரைக் காப்பாற்றப் பெரும் வாய்ப்பு இருந்திருக்கும். அதுவும் உங்கள் குற்றமன்று. அதை உங்களுக்கு எவரும் முன்பே சொல்லித்தராதது எங்கள் குறை.”

இதுவே தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடையும் ஆகும். சினத்தை ஆபத்தாக மாற்றும் அந்த ஓர் எழுத்து, சினத்துக்கு முன்பே உடலில் இருக்கும் கவனிக்கப்படாத நோய். சினத்துக்குப் பின்பு வீணாகும் நேரம். இவ்விரண்டையும் நீக்க நம்மால் இயலும். இம்மடலில் நான் எழுத முன்வந்ததும் அதற்காகவே.

நியாயமான சினம்

‘கோபப்படாதீர்கள்’ என்று நோயாளியிடம் கூறுவது எங்களுக்கு எளிது. கேட்பவருக்கு அது எளிதன்று; சில வேளைகளில் அது நியாயமுமன்று. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலைகளையும் படகுகளையும் பாழாக்கியபோதும், அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தபோதும் எழுந்த சினத்தைத் தவறென்று எவர் சொல்ல இயலும்?

நம் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருப்பதை அறிவீர்கள். மதுரையை எரித்த கண்ணகியே இங்கு வந்து உக்கிரம் தணிந்தாள் என்பது இவ்வூரில் வழங்கும் மரபுகளுள் ஒன்று. அம்மரபு கண்ணகியின் சினத்தைக் குற்றம் என்று கூறவில்லை. நீதி கேட்டு எழுந்த சினமும் ஓரிடத்தில் வந்து தணிய வேண்டும் என்றே கூறுகிறது.

மருத்துவரின் கூற்றும் இதுவே. சினத்தின் காரணம் நியாயமா, அநியாயமா என்பதை இதயம் விசாரிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே அட்ரினலின்தான் சுரக்கிறது. ஆகவே உரிமையைக் கேளுங்கள், மனு எழுதுங்கள், பலர் சேர்ந்து பேசுங்கள். நெஞ்சு நோய் உள்ளவர் தனியே நின்று, வெயிலில், உண்ணாமல், மாத்திரையைத் தவறவிட்டு உரத்துப் போராட வேண்டாம். நீண்ட வழக்கை நடத்த நீண்ட ஆயுள் வேண்டும்.

ஆறும் வழி

சினத்தை உள்ளேயே அடக்கி வைப்பது தீர்வாகாது. மூடிய பாத்திரத்தில் நீர் மேலும் கொதிக்கும். தமிழில் பால் ஆறும், புண் ஆறும், சினமும் ஆறும். சூடு தணிவதற்கும் காயம் குணமாவதற்கும் ஒரே வினைச்சொல்லைத்தான் நம் முன்னோர் வைத்தனர். அதே ‘ஆறு’ ஓர் எண்ணும் ஆகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாகச் சுவாசித்தால், இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்பு அமைப்பு நன்கு செயற்படுகிறது என்பது ஆய்வில் கண்ட உண்மை. எனவே என் நோயாளிகளுக்கு நான் சொல்லும் நினைவுச் சொல் ‘ஆறுக்கு ஆறு’: சினம் ஆற, ஆறு மூச்சு.

1. உட்காருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளிவிடுங்கள். இவ்வாறு ஆறு முறை செய்தால் ஒரு நிமிடம் ஆகும். வேண்டுமானால் மீண்டும் செய்யலாம்.

2. சினந்த நிலையில் பாரம் தூக்குதல், படியேறுதல், வண்டி ஓட்டுதல் ஆகியவற்றைத் தவிருங்கள். அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

3. சினத்தைத் தணிக்கப் புகையையோ மதுவையோ நாடாதீர்கள். புகை அதே குழாய்களை மேலும் சுருக்குகிறது.

4. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை ஒரு நாளும் விடாதீர்கள். ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் தாமாகத் தொடங்கவும் வேண்டாம். சொன்னதைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

5. குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: இரவுப் பணி முடித்தோ கடலிலிருந்து கரையேறியோ வருபவரிடம் வாசலிலேயே கடன், வாடகை பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டாம். உண்டு, சற்று உறங்கி எழுந்தபின் பேசலாம். அதே போல, வீட்டுக்கு வருபவரும் வெளியில் விளைந்த சினத்தை மனைவி மக்கள்மேல் இறக்கி வைக்க வேண்டாம். அவர்களுக்கும் இதயம் உண்டு.

6. சிறு செய்திக்கும் அடங்காச் சினம், உறக்கமின்மை, பொருள்களை உடைத்தல், பின்னர் வருந்துதல் ஆகியவை தொடர்ந்தால், அதைக் குணக்கேடு என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வும் தைராய்டு மிகைச் சுரப்பும் இவ்வாறு வெளிப்படுவது உண்டு. இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

நெஞ்சில் வலி எழுந்தால்

சண்டைக்குப் பின் வரும் நெஞ்சுவலியை ‘டென்ஷன்’ என்றோ ‘கேஸ்’ என்றோ நீங்களே முடிவு செய்யாதீர்கள். நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், மேல்வயிற்றில் எரிச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளோர், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். நடந்து வராதீர்கள், இருசக்கர வண்டியை நீங்களே ஓட்டி வராதீர்கள். முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும், மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். சில மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையிலேயே மாரடைப்பு தெரியவருவதுண்டு.

முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அவை தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், அந்நேரக் குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.

லாரியின் பின்னால் எழுதியவர் சரியாகவே எழுதினார். சினத்துக்கும் ஆபத்துக்கும் இடையே ஓர் எழுத்துத்தான் இடைவெளி. ஆனால் இடைவெளி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தால், இவ்விதழை மடித்து வைத்துவிட்டு, நாளைக் காலை வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்த எழுத்து சேராமல் காக்கும் முதற்படி அதுவே.

நலம் பெறுக.